தூங்குறான்னு நெனச்ச அந்த அரை மணி நேரம்

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கத்து பீனிக்ஸ்ல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. நாலு பக்க லெட்டர், கூடவே 40 செகண்ட் வீடியோ ஒண்ணும் அனுப்பியிருக்காங்க. முழுசா போட இடம் இல்ல, பதிலுக்கு வேண்டியத மட்டும் அவங்க சொன்ன மாதிரியே தரேன்.

"டாக்டர் அக்கா, எங்களுக்கு கும்பகோணம், வீட்டுக்காரர் வேலைக்காக டர்பன் வந்து நாலு வருஷம் ஆகுது. ஒரு பாட்டி, இங்க ஆயான்னுதான் கூப்பிடுவாங்க, அவங்க வீட்டு அவுட்பில்டிங்ல வாடகைக்கு இருக்கோம், என் பையன பாதி நேரம் அவங்கதான் தூக்கி வச்சிருப்பாங்க. பையனுக்கு 3 வயசு, 14 கிலோ. ஒன்றரை வயசுல காய்ச்சல்ல ஒரு தடவ ஃபிட்ஸ் வந்துச்சு, ரெண்டு நிமிஷந்தான், தானா நின்னுடுச்சு. போன மாசம் ஞாயித்துக்கிழமை ஆயா வீட்ல கூழ் ஊத்துனாங்க. காலைல இருந்தே அவனுக்கு சளியும் காய்ச்சலும். மேளம் அடிச்சிட்டு இருக்கும்போது என் மடியிலயே விறைச்சு கையும் காலும் வெட்ட ஆரம்பிச்சுது. பக்கத்துல இருந்தவங்க சாமி வந்திருக்குன்னு விபூதி பூசுனாங்க, ஒரு மாமா வீடியோ எடுத்தாரு. ஆயா ஓடிவந்து பல்லு கிட்டிச்சிருக்குன்னு ஸ்பூன வாயில விட்டாங்க, முன்பல்லு ஒண்ணு பாதி உடைஞ்சு ரத்தம் வந்துச்சு, கையில சாவிக்கொத்த வச்சு அழுத்துனாங்க. கொஞ்ச நேரத்துல வெட்டறது நின்னுடுச்சு, தூங்குறான்னு நெனச்சோம். பக்கத்து வீட்டு பக்கி (பிக்கப்) வண்டியில ஆஸ்பத்திரிக்கு போனோம், வழியெல்லாம் என் மடியிலதான் கிடந்தான், கண்ணு மட்டும் பாதி திறந்து வலது பக்கமா பாத்துட்டே இருந்துச்சு, வலது கை விரல் லேசா துடிச்சுது, கனவு காணுறான்னு நெனச்சேன். அங்க போனதும் நர்ஸ் பாத்துட்டு இன்னும் ஃபிட்ஸ்லதான் இருக்கான்னு தூக்கிட்டு உள்ள ஓடினாங்க. சாயங்காலம் வரைக்கும் வலது கையால பிஸ்கட் பிடிக்க முடியல, மறுநாள் சரியாயிடுச்சு. முதுகுல தண்ணி எடுத்து பாத்துட்டு கிருமி இல்லன்னாங்க. வீட்டுக்கு அனுப்பும்போது வலிப்ப நிறுத்துற மிடஸோலம் மருந்து ஆம்பூலும் சிரிஞ்சும் குடுத்து, 5 நிமிஷத்துக்கு மேல போனா கன்னத்துக்குள்ள விடுங்கன்னாங்க. நெட்ல பாத்தா மூச்சு நின்னுடும்னு போட்டிருக்கு, அத தொடவே பயமா இருக்கு. அன்னிக்கு வந்தது ரெண்டு ஃபிட்ஸா ஒண்ணா? மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? காய்ச்சல் வந்தா விடாம பனாடோ (பாராசிட்டமால்) குடுத்தா தடுக்கலாமா? க்ரெஷுக்கு (குழந்தைங்க காப்பகத்துக்கு) எப்படி அனுப்புறது? ஆயாகூட அன்னில இருந்து நான் சரியா பேசல, அது வேற மனசுக்கு கஷ்டமா இருக்கு."

தங்கச்சி, மொத கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடுறேன், ஏன்னா மத்த எல்லா கேள்வியும் அதுலதான் தொங்குது. எனக்கு தெரிஞ்ச வரைக்கும் அது ஒரே ஃபிட்ஸ். நிக்கவே இல்ல, சத்தம் மட்டும்தான் அடங்குச்சு.

எப்படி சொல்றேன்னா, நீங்க அனுப்புன வீடியோ 11:52க்கு எடுத்ததுன்னு ஃபோன்லயே இருக்கு. வீட்டுக்காரருக்கு நீங்க கால் பண்ணது 11:59, அப்ப வெட்டறது நின்னு போச்சுன்னு அவர்கிட்ட சொன்னதா எழுதியிருக்கீங்க. ஆஸ்பத்திரி சீட்டுல நர்ஸ் எழுதுன நேரம் 12:31. நடுவுல இருக்குற 32 நிமிஷம்தான் நீங்க தூங்குறான்னு நெனச்ச நேரம். ஆனா அந்த நேரத்துல என்ன பாத்தீங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க: கண்ணு மூடல, ரெண்டு கண்ணும் வலது பக்கமே போய் நின்னுச்சு, அதே வலது கை விரல் துடிச்சுது, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அந்த வலது கைதான் சோர்ந்து கிடந்துச்சு. தூங்குற குழந்தையோட கண்ணு ஒரே பக்கமா போய் ஒட்டிக்கிட்டு நிக்காது. மூளையோட இடது பக்கத்துல வலிப்பு ஓடிட்டே இருந்திருக்கு, அது கண்ணையும் கையையும் வலது பக்கத்துல பிடிச்சு வச்சிருந்துச்சு, அது ஓஞ்ச பிறகு அந்த பக்கம் களைச்சு போய் கொஞ்ச நேரம் கை வேலை செய்யல. அந்த கை சோர்வு ஒரு நாளுக்குள்ள தானா சரியாகுறதுதான் வழக்கம், உங்க பையனுக்கும் அப்படித்தான் ஆச்சு, அதனால பக்கவாதமோன்னு பயப்பட வேண்டாம்.

இத படிச்சதும் உங்களுக்கு நெஞ்சு அடைக்கும்னு தெரியும். அதனால என் கதை ஒண்ணையும் சொல்லிடுறேன். டாக்டரா வேலைக்கு சேந்த மொத வருஷம், ராத்திரி கேஷுவால்டி, நாலு வயசு பொண்ணு ஒண்ணு வலிப்போட வந்துச்சு, ஊசி போட்டேன், கை கால் வெட்டறது நின்னுச்சு. சீட்டுல 'வலிப்பு நின்றது'ன்னு எழுதிட்டு அடுத்த பேஷண்ட பாக்க போயிட்டேன். முக்கால் மணி நேரம் கழிச்சு ஒரு சீனியர் சிஸ்டர் என் கைய பிடிச்சு இழுத்துட்டு போய் அந்த குழந்தையோட இமைய விரலால தூக்கி காட்டினாங்க, உள்ள கருவிழி கடிகார முள்ளு மாதிரி டிக் டிக்னு ஒரே பக்கமா இழுத்துட்டு இருந்துச்சு, வாயோட ஒரு ஓரமும் அதே தாளத்துல துடிச்சுது. படிச்சு பாஸ் பண்ணி ஸ்டெத்தஸ்கோப் மாட்டிட்டு நின்ன நானே கோட்டை விட்டது அது. விபூதியும் மேளமும் கூட்டமுமா இருந்த இடத்துல, பெத்தவங்களுக்கு அது தெரியாம போனதுல தப்பே இல்ல. ஆனா இனிமே தெரியணும். அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

வலிப்பு உண்மையாவே நின்னுச்சான்னு எப்படி பாக்குறது? நின்னா உடம்பு துணி மாதிரி தளரும், ஒரு பெரிய மூச்சு இழுத்து விடும், கண்ணு மூடிக்கும். கொஞ்ச நேரத்துல கால் பெருவிரல கிள்ளினா முகம் சுளிக்கும், கால இழுத்துக்கும், சிணுங்கும். அப்புறம் தூங்குறது நிஜமான தூக்கம், அது நல்லது, எழுப்ப வேண்டாம், பக்கத்துல இருந்து பாத்துட்டா போதும். நிக்கலன்னா கண்ணு திறந்தே இருக்கும், ஒரு பக்கமா ஒதுங்கி நிக்கும், விரலோ உதட்டு ஓரமோ இமையோ ஒரே தாளத்துல துடிக்கும், எச்சில் வழிஞ்சுட்டே இருக்கும், மூச்சு ஏத்த இறக்கமா இருக்கும், கிள்ளினாலும் எந்த அசைவும் இருக்காது. இதுல கண்ணுதான் எனக்கு ரொம்ப முக்கியம், திறந்த கண்ணு, ஒரு பக்கப் பார்வை, கூப்பிட்டா திரும்பல, அப்படின்னா இன்னும் ஓடுதுன்னு வச்சுக்கோங்க. காய்ச்சல் நடுக்கமா வலிப்பான்னு சந்தேகம் வந்தா ஒரு சின்ன வேலை இருக்கு, துடிக்கிற கைய உங்க உள்ளங்கைக்குள்ள மெல்ல பொத்தி பிடிங்க. நடுக்கமா இருந்தா பிடிச்சதும் அடங்கிடும், வலிப்பா இருந்தா உங்க கைக்குள்ளேயே இடிச்சுட்டு இருக்கும். இத ஒரு தடவ உணர்ந்தவங்க மறக்க மாட்டாங்க.

இன்னொண்ணும் சொல்லணும், ஒரு ஃபிட்ஸ் நின்னு, நினைவு திரும்பாமலே இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணுன்னு வந்தா அது மூணு குட்டி ஃபிட்ஸ் கிடையாது, ஒரே நீண்ட வலிப்புதான், மொத ஃபிட்ஸ் ஆரம்பிச்ச நேரத்துல இருந்துதான் கணக்கு.

சரி, அந்த 5 நிமிஷம். நான் படிச்ச காலத்துல புத்தகத்துல 30 நிமிஷம்னு இருந்துச்சு, அரை மணி நேரம் விடாம ஓடினாத்தான் 'ஸ்டேட்டஸ்', அதாவது நிக்காத வலிப்புன்னு சொல்லுவோம். 2015ல உலக வலிப்பு சங்கம் அத தெளிவா ரெண்டா பிரிச்சுது. கை கால் ரெண்டு பக்கமும் வெட்டுற வலிப்புக்கு 5 நிமிஷம்ங்கிறது 'இது இனி தானா நிக்காது போல, மருந்து குடு'ங்கிற நேரம், 30 நிமிஷம்ங்கிறது 'இதுக்கு மேல மூளைக்கு நிரந்தர பாதிப்பு வரலாம்'ங்கிற நேரம். ஒரு பக்கம் மட்டும் துடிச்சு நினைவு தப்பி இருக்குற வகைக்கு 10 நிமிஷம். பெரும்பாலான வலிப்பு ரெண்டு மூணு நிமிஷத்துலயே தானா அணைஞ்சுடும், உங்க பையனுக்கு ஒன்றரை வயசுல வந்தது மாதிரி. 5 தாண்டினது தானா நிக்கிறது குறைவு.

ஏன் லேட் பண்ணக்கூடாதுன்னு ஒரு காரணம் இருக்கு, இது தெரிஞ்சா உங்க பயம் பாதி போயிடும். மூளைல 'போதும் அடங்கு'ன்னு சொல்ற ரசாயனம் ஒண்ணு உண்டு, பேரு காபா. அத வாங்கிக்கிறதுக்கு நரம்பு செல்லோட மேல்பக்கம் சின்ன சின்ன வாசல் இருக்கு. மிடஸோலம், டயஸெபாம் மாதிரி மருந்தெல்லாம் அந்த வாசல்ல உக்காந்துதான் வேலை பாக்குது. வலிப்பு நீள நீள செல்லு அந்த வாசல உள்ள இழுத்துக்குது, தூண்டி விடுற பக்கத்து வாசல் இன்னும் கூடுதலா வெளிய வருது. அதனால ஆறாவது நிமிஷத்துல ஒரு சிரிஞ்சுக்கு கேக்குற வலிப்பு நாப்பதாவது நிமிஷத்துல அதே அளவுக்கு கேக்காம போகலாம். அப்புறம் ஆஸ்பத்திரில அடுத்த கட்ட மருந்துக்கு போகணும். லெவெடிராசெட்டம், ஃபாஸ்ஃபெனிடாயின், வால்ப்ரோயேட் மூணையும் வச்சு அமெரிக்காவுல பண்ண பெரிய ஆராய்ச்சி 2019ல வந்துச்சு, மொத மருந்துக்கு அடங்காதவங்கள்ல இந்த மூணுல எத குடுத்தாலும் கிட்டத்தட்ட பாதிப்பேருக்குத்தான் நின்னுச்சு. அதனாலதான் வீட்லயே, மொத சில நிமிஷத்துலயே, உங்க கையில இருக்குற அந்த சிரிஞ்சுக்கு இவ்வளவு மதிப்பு.

இப்ப மூச்சு நின்னுடுமோங்கிற பயம். நெட்ல போட்டிருக்கிறது முழுப்பொய்னு சொல்ல மாட்டேன், இந்த வகை மருந்து அதிகமா போனா மூச்ச மந்தமாக்கும், அது உண்மை. ஆனா எடைக்கு ஏத்த அளவு, ஒரே தடவ, கன்னத்துக்குள்ள குடுக்கும்போது அது அபூர்வம். 2005ல இங்கிலாந்துல குழந்தைங்களுக்கு வந்த 219 வலிப்ப எடுத்துக்கிட்டு, கன்னத்துல மிடஸோலமும் ஆசனவாய் வழியா டயஸெபாமும் ஒப்பிட்டு பாத்தாங்க. மிடஸோலத்துல 56 சதவீதம் பத்து நிமிஷத்துக்குள்ள சரியா அடங்குச்சு, டயஸெபாம்ல 27. மூச்சு குறையறதுல ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல. மூச்ச அதிகமா கெடுக்குறது நிக்காம ஓடுற வலிப்புதான், என் அனுபவத்துல நீண்ட வலிப்புல நீலம் பாரிச்சு வந்த பிள்ளைங்கதான் ஜாஸ்தி, வீட்ல சரியான அளவு மருந்து குடுத்து மூச்சு நின்னு வந்த பிள்ளைய நான் இதுவரைக்கும் பாக்கல.

ஆனா நான் பயப்படுற இடம் ஒண்ணு இருக்கு, நீங்களும் அங்க கவனமா இருங்க. இந்த மருந்து ரெண்டு வீரியத்துல வருது. ஒரு ஆம்பூல்ல 3 மில்லில 15 மில்லிகிராம், இன்னொண்ணுல 5 மில்லில 5 மில்லிகிராம். அதாவது ஒண்ணுல ஒரு மில்லிக்கு 5, இன்னொண்ணுல ஒரு மில்லிக்கு 1, அஞ்சு மடங்கு வித்தியாசம். பேரும் ஒண்ணு, பாக்க டப்பாவும் கிட்டத்தட்ட ஒண்ணு. அடுத்த தடவ ஃபார்மஸில வேற ஒண்ண மாத்தி குடுத்துட்டா பழைய அளவே விட்டீங்கன்னா தப்பாயிடும். உங்க சீட்டுல மில்லிகிராம் மட்டும் எழுதியிருந்தா நாளைக்கே போய் 'எத்தன மில்லி இழுக்கணும், எந்த ஆம்பூல்ல இருந்து'ன்னு எழுதி வாங்குங்க, சிரிஞ்சுல அந்த கோட்டுக்கு மேல ஒரு டேப் ஒட்டச் சொல்லுங்க. எடை ஏறினா அளவும் மாறும், அதனால ஆறு மாசத்துக்கு ஒருக்கா எடை போட்டு மாத்தி எழுதிக்கோங்க.

குடுக்குறது எப்படின்னா, ஆம்பூல உடைச்சு ஊசியால இழுத்து, ஊசிய கழட்டி தூர வச்சுட்டு, இத ரெண்டு தடவ சொல்றேன், ஊசிய கழட்டிட்டு, பையன் பக்கவாட்டுல படுத்திருக்கும்போது கீழ் உதட்டு ஓரத்த விரலால கொஞ்சம் விலக்கி, ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவுல சிரிஞ்சு முனைய வச்சு மெதுவா விடுங்க. முடிஞ்சா பாதி ஒரு பக்கம் பாதி இன்னொரு பக்கம், முடியலன்னா ஒரே பக்கம் போதும். பல்லு கிட்டிச்சிருக்கிறது இதுக்கு ஒரு தடையே இல்ல, பல்லுக்கு வெளியிலதான விடுறோம், வாய திறக்கவே வேண்டாம். அப்புறம் வெளியில இருந்து கன்னத்த லேசா தடவி விடுங்க. கொஞ்சம் எச்சிலோட வழிஞ்சாலும் மறுபடி குடுக்காதீங்க. ரெண்டாவது டோஸ் வீட்ல கிடையாது, உங்க டாக்டர் தனியா எழுதி குடுத்திருந்தா மட்டும். பதட்டத்துல கண்ணாடி ஆம்பூல் உடைக்கிறது கை நடுங்கும், அதனால ஃபார்மஸில வெறும் தண்ணி ஆம்பூல் ரெண்டு வாங்கி நீங்களும் வீட்டுக்காரரும் உக்காந்து உடைச்சு இழுத்து பழகுங்க, கரண்ட் போன இருட்டுல கூட பண்ணி பாருங்க, டார்ச்சும் அந்த பைக்குள்ளேயே இருக்கட்டும். ஃபிரிட்ஜ்ல வைக்க வேண்டாம், வெளிச்சம் படாம அலமாரில போதும். டர்பன் வெயில்ல காரோட கப்பிஹோல்ல (முன்சீட்டு டப்பால) மட்டும் போட்டு வைக்காதீங்க.

குடுத்த நேரத்த எழுதிக்கோங்க. மருந்து விட்ட உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, 10177, செல்ஃபோன்ல இருந்து 112. முந்தியே ரெண்டாவது ஆள் இருந்தா மொத நிமிஷத்துலயே கூப்பிட சொல்லலாம், நீண்ட வலிப்பு ஒரு தடவ வந்த பிள்ளைக்கு அடுத்ததும் நீளமா போக வாய்ப்பு உண்டு, அதனால உங்களுக்கு 'பாக்கலாம்'ங்கிறதுக்கு அவ்வளவு இடம் இல்ல. ஆம்புலன்ஸ் எப்ப வரும்னு நம்ம ஊர்ல உறுதி இல்லங்கிறது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், வண்டி கையில இருந்தா கிளம்புங்க, ஆனா ஒருத்தர் ஓட்டணும், இன்னொருத்தர் பின்சீட்டுல பையன பக்கவாட்டுல படுக்க வச்சு நெஞ்சு ஏறி இறங்குறத பாத்துட்டே வரணும். மடியில மல்லாக்க வச்சுட்டு போகக்கூடாது, வாந்தியும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்.

மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? நேரா சொல்றேன். காய்ச்சல் வலிப்பு 6 மாசத்துல இருந்து 5 வயசு வரைக்கும் நூத்துல ரெண்டுல இருந்து அஞ்சு பிள்ளைங்களுக்கு வரும், பெரும்பாலும் சின்னது, எந்த தழும்பும் விடாது. உங்க பையனுக்கு வந்தது அந்த சாதாரண வகை இல்ல, அரை மணி நேரத்துக்கு மேல, அதுவும் ஒரு பக்கமா. இப்படி நீண்ட வலிப்புல பெரும்பாலான பிள்ளைங்க முழுசா தேறிடுவாங்க, மறுநாளே பழையபடி ஓடுறான் பேசுறான்னு நீங்க எழுதியிருக்கிறது நல்ல அறிகுறி. ஆனா ஒரு சிலருக்கு ஹிப்போகேம்பஸ்னு ஞாபகத்துக்கான இடத்துல வீக்கம் வந்து தழும்பாகலாம், பின்னாடி காய்ச்சல் இல்லாம வலிப்பு வர வாய்ப்பும் கொஞ்சம் கூடும். அதனால ஈஈஜியும் (மூளையோட மின் அலைய பாக்குறது) எம்ஆர்ஐ ஸ்கேனும் வேணும், குழந்தை நரம்பியல் டாக்டர பாக்கணும். டர்பன்ல ஆல்பர்ட் லுதூலி ஆஸ்பத்திரில அந்த பிரிவு இருக்கு, நேரா போக முடியாது, உங்கள பாத்த ஆஸ்பத்திரில இருந்து ரெஃபரல் லெட்டர் வாங்கணும், விடாம கேட்டு வாங்குங்க. போகும்போது அந்த மாமா எடுத்த வீடியோவ கண்டிப்பா கொண்டு போங்க. அன்னிக்கு அவர் மேல கோவம் வந்திருக்கும், ஆனா நாலு பக்க லெட்டர விட அந்த 40 செகண்ட்தான் எனக்கு அதிகம் சொல்லுச்சு, தலை மொதல்ல எந்த பக்கம் திரும்புதுன்னு அதுல தெளிவா இருக்கு.

எம்ஆர்ஐ எதுக்குன்னு இன்னொரு காரணமும் இருக்கு, இந்த நாட்டுல அத மறக்கக்கூடாது. நம்ம மாகாணம் குவாஸுலு நாட்டால்லயும் பக்கத்து ஈஸ்டர்ன் கேப்லயும் நாடாப்புழு முட்டைல இருந்து வர்ற லார்வா மூளைக்கு போய் கட்டியா உக்காந்து வலிப்பு வர்றது சகஜம். நாங்க சைவம் எங்களுக்கு எப்படி வரும்னு கேப்பாங்க நம்ம ஆளுங்க. பன்றிக்கறி சாப்பிட்டவங்களுக்கு குடல்ல புழு வரும், ஆனா மூளைல கட்டி வர்றது அந்த புழுவோட முட்டை வயித்துக்குள்ள போறதால, அது ஒரு மனுஷனோட மலத்துல இருந்து கைக்கும் கீரைக்கும் கொத்தமல்லிக்கும் வருது. சுத்த சைவ வீட்லயும் பாத்திருக்கேன். உங்க பையனுக்கு இது இருக்குன்னு சொல்லல, பாத்து இல்லன்னு தெரிஞ்சுக்கலாம், அவ்வளவுதான்.

முதுகுல தண்ணி எடுத்தாங்கன்னு சொன்னீங்களே, அது சரியா பண்ணாங்க. இவ்வளவு நீண்ட வலிப்பு காய்ச்சலோட வந்தா மூளைக்காய்ச்சல் இல்லன்னு உறுதி பண்ணியே ஆகணும், டிபி மூளைக்காய்ச்சலும் இருக்குற ஊரு இது. இனிமேலும் காய்ச்சலோட கழுத்து விறைப்பு, விடாத வாந்தி, அமுக்கினாலும் மறையாத சிவப்பு புள்ளி, வலிப்பு நின்னு ஒரு மணி நேரம் ஆகியும் முழிக்காம மந்தமா கிடக்குறது, இதுல எது இருந்தாலும் உடனே ஓடுங்க.

பனாடோ விஷயம் சுருக்கமா. விடாம குடுத்தா வலிப்ப தடுக்கும்னு நிரூபணம் இல்ல, நிறைய ஆராய்ச்சி பண்ணி பாத்துட்டாங்க. பிள்ளை வலியிலயும் சோர்வுலயும் இருந்தா குடுங்க, எடைக்கு ஏத்த அளவுல, அதுக்கு மேல வேண்டாம். பயத்துல மூணு மணி நேரத்துக்கு ஒருக்கான்னு ஊத்துனா ஈரல்தான் கெடும். ராத்திரி முழுக்க தெர்மாமீட்டரோட உக்காந்திருக்காதீங்க, எத்தனையோ பிள்ளைக்கு காய்ச்சல் இருக்கிறதே வலிப்பு வந்த பிறகுதான் தெரியும், அதனால அத முந்திக்கிட்டு பிடிக்க முடியல. வலிப்பு நேரத்துல வாயில மருந்தோ தண்ணியோ சர்க்கரையோ ஊத்தாதீங்க. ஐஸ் தண்ணி குளியலும் வேண்டாம்.

க்ரெஷுக்கு அனுப்புங்க. ஒளிச்சு வைக்காதீங்க, இங்க இருக்குற நம்ம குடும்பங்க 'வலிப்பு'ன்னு சொன்னா சேத்துக்க மாட்டாங்களோன்னு மறைக்கிறாங்க, அப்புறம் அங்க வந்தா அவங்களுக்கு என்னன்னே தெரியாம அரை மணி நேரம் போயிடும். ஒரே பக்கத்துல எழுதி குடுங்க, பேரு, எடை, எத்தன மில்லி, 5 நிமிஷம், உங்க நம்பர், 10177. மருந்து குடுக்க அவங்க ஒத்துக்கிட்டா டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கி ஒரு செட் அங்க வைங்க. நீச்சல் குளம் இருக்குற க்ரெஷ்னா தண்ணிக்குள்ள எப்பவும் ஒரு ஆள் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும்னு கேட்டு உறுதி பண்ணுங்க, வீட்ல டப்புல குளிப்பாட்டும்போதும் அதே கதைதான், ஃபோன் அடிச்சா எடுக்க போகாதீங்க. டிசம்பர்ல ஊருக்கு போறோம்னு கடைசில ஒரு வரி எழுதியிருந்தீங்க, மிடஸோலம் எடுத்துட்டு போக டாக்டர் லெட்டர் வேணும், கைப்பையில வைங்க, செக்கின் பெட்டில வேண்டாம்.

ஆயா விஷயத்துக்கு வரேன். தமிழ்நாட்டுல இருந்து புதுசா வந்தவங்களுக்கு ஆயான்னா வேலைக்காரம்மான்னு தோணும், இங்க அது பாட்டி, உங்க லெட்டர்லயும் அந்த பாசம்தான் தெரியுது. அவங்க ஸ்பூன் விட்டதுக்கு காரணம் நாக்கு உள்ள போய் அடைச்சுடும்னு தலைமுறை தலைமுறையா சொல்லி குடுத்தது. நாக்கு விழுங்கவே முடியாது, அது கீழ ஒட்டியிருக்கு. ஸ்பூன் விட்டா பல்லு உடையும், உங்க பையனுக்கு நடந்ததும் அதுதான், விரல் கடிபடும், உடைஞ்ச துண்டு மூச்சுக்குழாய்ல போகலாம். சாவிக்கொத்து வலிப்ப நிறுத்தல, வெட்டறது தானா அடங்குற நேரத்துல கையில சாவி இருந்திருக்கு, நூறு தடவ அப்படி நடந்தா யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வாங்க. கூழ் ஊத்துன இடத்துல சாமி வந்துச்சுன்னு நெனச்சவங்க மேலயும் கோவப்படாதீங்க, ஆனா இத மட்டும் அவங்களுக்கு சொல்லுங்க: காய்ச்சல் அடிக்கிற மூணு வயசு பிள்ளை விறைச்சு வெட்டினா, மொதல்ல பக்கவாட்டுல படுக்க வைங்க, மேளத்த நிறுத்துங்க, நேரம் பாருங்க, விபூதி பிறகு பூசலாம். அம்மன் கோவிச்சுக்க மாட்டா.

அப்புறம் ஆயாகூட பேசுங்க, இன்னிக்கே. இந்த பதில அவங்களுக்கு வாசிச்சு காட்டுங்க, உடைஞ்ச பல்லு பால் பல்லு, இன்னும் மூணு நாலு வருஷத்துல அது விழுந்து புதுசு முளைக்கும், டென்டிஸ்ட் ஒரு தடவ பாத்தா போதும்னும் சொல்லுங்க, அவங்க ராத்திரி தூங்காம இருக்காங்கன்னு எழுதியிருந்தீங்கல்ல. அடுத்த தடவ ஒருவேள வந்தா நீங்க பையன்கிட்ட இருப்பீங்க, வீட்டுக்காரர் ஆம்பூல எடுப்பாரு, நேரம் பாக்க ஒரு ஆள் வேணும். அவங்க முன் ரூம்ல, சாமி படத்துக்கு பக்கத்துல, பெரிய சுவர் கடிகாரம் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அந்த வேலைய ஆயாவுக்கு குடுங்க. ஆரம்பிச்ச நேரத்த சத்தமா சொல்லட்டும், ஒவ்வொரு நிமிஷமும் சொல்லட்டும், அஞ்சுன்னு அவங்க சொன்னதும் நீங்க சிரிஞ்ச எடுங்க.